பந்தியில் சுருண்ட பெல்ட்

போன தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், ரசத்துக்காகச் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து சேலையின்மேல் போட்டிருந்த என் இடுப்பு பெல்ட் மேல்பக்கமாக மடிந்து விலாவில் குத்தியது. ஆன்லைனில் 499 ரூபாய்க்கு வாங்கியது. 4 இஞ்ச் அகலம், முன்னால் தங்கக் கலரில் ஒரு பெரிய பூ, மற்றபடி சுற்றிலும் எலாஸ்டிக். போட்டோவில் போட்டிருந்த பெண்ணுக்கு இடுப்பு செதுக்கி வைத்தாற்போல இருந்தது. கண்ணாடி முன்னால் நின்று பார்த்தபோது எனக்குமே நன்றாகத்தான் இருந்தது. உட்கார்ந்த பிறகுதான் வினை. பாயசம் வருவதற்குள் அது கயிறாகத் திரண்டு மாருக்குக் கீழே ஏறிவிட்டது. எதிர்வரிசையில் இருந்த மதினி இலையைப் பார்த்தபடியே சிரிப்பது தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைப் பிரித்தேன். கெட்டுப்போனதைப் பிரித்துப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது, அப்பாவின் ரேடியோவில் தொடங்கிய வியாதி. பூவுக்குப் பின்னால் மெல்லிய ஸ்பாஞ்ச், அதன்மேல் துணியைத் தைக்காமல் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். வியர்வை பட்ட இடமெல்லாம் பசை விட்டு உப்பலாகியிருந்தது. எலாஸ்டிக் மட்டும் உருப்படியான சரக்கு. அதை எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தைக் குப்பையில் போட்டேன்.

வைகாசியில் தங்கச்சி ரிசப்ஷன். அதற்கு எடுத்த பட்டுச் சேலைக்கும் பெல்ட் போட வேண்டும் என்று அவள் ஏற்கெனவே உத்தரவு போட்டிருந்தாள். வீட்டில் உஷா மிதி மிஷின் இருக்கிறது, ஜாக்கெட் அளவுக்குத் தைக்கத் தெரியும். நாமே தைத்துவிட்டால் என்ன என்று ஆரம்பித்தேன்.

முதல் பெல்ட்டுக்கு நான் போட்ட கணக்கு ரொம்பச் சுலபமானது. பழையது தொளதொளவென்று இருந்ததால் சுருண்டது, விறைப்பாகத் தைத்தால் சுருளாது. மதுரை விளக்குத்தூண் கடைப்பக்கம் போய், உள்ளே வைத்துத் தைக்கிற பக்ரம் என்கிற விறைப்புத் துணி வாங்கி வந்தேன். கருநீலக் காட்டன் சில்க்கில் 4 இஞ்ச் அகலத்துக்கு நேராக ஒரு பட்டை வெட்டி, உள்ளே இரண்டு மடிப்பு பக்ரம் வைத்து, பின்னால் கொக்கி வைத்து இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டேன்.

சுருளவில்லை, உண்மைதான். அதற்குப் பதிலாகக் கிணற்று உறை மாதிரி இடுப்பைச் சுற்றி நின்றது. கீழ்விளிம்பு சதையில் அழுந்தியது, மேல்விளிம்போ உடம்பைத் தொடவே இல்லை. இரண்டு விரலை உள்ளே விட்டு ஆட்டலாம். இழுத்துக் கட்டினால் கீழே இன்னும் அழுந்துகிறதே தவிர, மேலே ஒட்டவில்லை. பக்கவாட்டில் நின்று போட்டோ எடுத்துப் பார்த்தால் இருக்கிற இடுப்பும் காணாமல் போயிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் மேல்விளிம்பு நேராக விலாவுக்குக் கீழே போய் முட்டியது. ஒரு மத்தியானம் முழுக்கப் போட்டுக்கொண்டு வீட்டு வேலை செய்து பார்த்தேன். பக்ரத்தின் விறைப்பு கஞ்சிப் பசை சேர்ந்து வருவது, மதுரை வெயிலில் வியர்வை இறங்கியதும் முதுகுப் பக்கம் அப்பளம் மாதிரி நமத்துப்போய்விட்டது.

அம்மா அதைப் பார்த்துவிட்டு, “என்னடி, உனக்கும் இடுப்பு வலி வந்துருச்சா?” என்று கேட்டார்.

அவருக்கு இடுப்பு வலிக்காக டாக்டர் எழுதிக்கொடுத்த எல்.எஸ். பெல்ட் அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்தது. அகலம் 8 இஞ்சுக்கு மேல் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு அம்மா உட்கார்கிறார், எழுந்திருக்கிறார், காய் நறுக்குகிறார். ஒருநாளும் அது சுருண்டதில்லை. எடுத்துத் தடவிப் பார்த்தேன். முதுகுப் பக்கம் மட்டும் நான்கு பட்டைகள் செங்குத்தாக உள்ளே வைத்துத் தைத்திருந்தது. பக்கங்களில் வெறும் எலாஸ்டிக். அதாவது மேலிருந்து கீழாக விறைப்பு, சுற்றுவாக்கில் நெகிழ்ச்சி. நான் பக்ரத்தை வைத்து இரண்டு வாக்கிலும் விறைப்பாக்கி வைத்திருந்தேன்.

ஆனால் மேலே வாய் பிளந்து நின்றதற்கு இது பதில் இல்லை. அதற்கான பதில் என் பீரோவிலேயே இருந்தது. பழைய ஜீன்ஸ் ஒன்று, குனிந்தால் பின்னால் இடுப்புப் பட்டி உடம்பை விட்டுத் தள்ளி நிற்கும். தொடைக்கும் இடுப்புக்கும் சரியாக இருக்கும், பட்டி மட்டும் நிற்காது. நேராக வெட்டிய பட்டி என்பதுதான் காரணம். இடுப்பின் ஒடுங்கிய இடத்திலிருந்து கீழே இறங்க இறங்க உடம்பு விரிந்துகொண்டே போகிறது, கவிழ்த்து வைத்த வாளி மாதிரி. வாளியைச் சுற்றி நேரான காகிதப் பட்டையை ஒட்டிப் பாருங்கள், ஒரு விளிம்பு ஒட்டும், இன்னொன்று தூக்கிக்கொள்ளும். பட்டை ஒரு இஞ்ச் அகலம் என்றால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 3, 4 இஞ்ச் என்று அகலமாகும்போதுதான் மானம் போகிறது. எலாஸ்டிக் சுருண்டதற்கும் இதே காரணம்தான். இழுபட்ட எலாஸ்டிக் அகலமான இடத்திலிருந்து ஒடுங்கிய இடத்தைத் தேடி வழுக்கிக்கொண்டு போகும். நான் வாங்கியது அப்படித்தான் மேலே ஏறியிருக்கிறது.

ஜப்பானில் கிமோனோவுக்குக் கட்டுகிற ஓபி நேர்ப்பட்டைதானே, அது மட்டும் எப்படி நிற்கிறது என்று ஒரு சந்தேகம் வந்தது. பெண்கள் கட்டும் ஓபி சுமார் 30 செ.மீ. அகலம், 4 மீட்டருக்கு மேல் நீளம். இரண்டாக மடித்துச் சுற்றினால்கூட அரையடி அகலம் வருகிறது. அவர்கள் செய்வது என்னவென்றால், ஓபி கட்டுவதற்கு முன்பே இடுப்பில் துவாலையைச் சுற்றி அந்தக் குழிவை நிரப்பிவிடுகிறார்கள். மேலும் கீழும் ஒரே சுற்றளவாக்கிவிட்டு அதன்மேல் கட்டுகிறார்கள், முன்பக்கம் மடிப்பு விழாமல் இருக்க ஓபி-இட்டா என்று ஒரு தட்டையான பலகையையும் சொருகிக்கொள்கிறார்கள். இடுப்பு வளைவைக் காட்டுவது அங்கே நோக்கமே இல்லை. எனக்கு அது நோக்கம். ஆகவே உடம்பை நேராக்க முடியாது, பட்டையைத்தான் வளைக்க வேண்டும்.

அடுத்து அகலம். இதுவரை எனக்கு எது பிடிக்கிறதோ அதுதான் அகலம் என்று நினைத்திருந்தேன். சுற்றளவு 33ஆ 38ஆ என்பதுதான் பிரச்சினை என்றும் நினைத்திருந்தேன். டேப்பை எடுத்துக்கொண்டு கடைசி விலா எலும்புக்கும் பக்கவாட்டில் கை வைத்தால் தட்டுப்படுகிற இடுப்பு எலும்புக்கும் நடுவில் அளந்தேன். நின்றால் மூன்றேமுக்கால் இஞ்ச். நாற்காலியில் உட்கார்ந்து அளந்தால் இரண்டரைதான். 4 இஞ்ச் பெல்ட்டுக்கு என் உடம்பில் இடமே இல்லை. நான் 5 அடி 1 அங்குலம், அதில் பாதி கால். ஒல்லியாகி வந்திருந்தாலும் அந்த பெல்ட் விலாவில்தான் குத்தியிருக்கும்.

மதினியைக் கூப்பிட்டு அளந்தேன். அவர் என்னைவிட நாலு இஞ்ச் உயரம், சுற்றளவிலும் என்னைவிட 3 இஞ்ச் கூட. உட்கார்ந்தே நாலேகால் இஞ்ச் இடம் இருந்தது. என் கருநீலப் பலகையை எடுத்து மாட்டிவிட்டேன். அப்படியே பொருந்தியது! அவருக்கு இடுப்பிலிருந்து கீழே விரிவு ரொம்பக் குறைவு, அந்த 4 இஞ்சுக்குள் ஒரு இஞ்ச்கூட வித்தியாசம் இல்லை. நேர்ப்பட்டை அவருக்குப் போதும். “எனக்குன்னு தச்ச மாதிரில்ல இருக்கு” என்றார். இல்லை மதினி, உங்களுக்கென்று தைக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நமத்துப்போன பக்ரத்தைப் பிரித்தெடுத்து கேன்வாஸ் வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டேன்.

இனி என்னுடையது. அகலம் இரண்டரை இஞ்ச் என்று முடிவு. மேல்விளிம்பு இடுப்பின் ஒடுங்கிய கோட்டில் நிற்க வேண்டும், அங்கிருந்து கீழே இறங்க வேண்டும். ஒடுங்கிய கோட்டை பெல்ட்டின் நடுவில் வைத்தால் மேலும் விரிய வேண்டும் கீழும் விரிய வேண்டும், உடுக்கை மாதிரி. அந்த வெட்டு என் கைக்கு வராது. கோட்டைக் கண்டுபிடிக்க ஒரு நாடாவை இடுப்பில் கட்டிக்கொண்டு நாலு தரம் பக்கவாட்டில் சாய்ந்து நிமிர்ந்தால் போதும், நாடாவே அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

சேலையைக் கட்டிக்கொண்டு அதன்மேல்தான் அளவு எடுக்க வேண்டும். பட்டுச் சேலையின் கொசுவமும் மடிப்பும் சேர்ந்து எனக்கு 2 இஞ்ச் கூடியது. மேல்விளிம்புக்கு 35, அதிலிருந்து இரண்டரை இஞ்ச் கீழே 37½. அதாவது கீழ்விளிம்பு மேல்விளிம்பைவிட இரண்டரை இஞ்ச் நீளமாக இருக்க வேண்டும்.

பழைய மாதக் காலண்டர் தாள் இரண்டை ஒட்டி, 35 இஞ்ச் நீளம் 2½ இஞ்ச் அகலத்துக்கு நேர்ப்பட்டை ஒன்று வெட்டினேன். கீழ்விளிம்பிலிருந்து மேல்விளிம்பு வரை, மேலே ஒரு நூலளவு அறுபடாமல் விட்டு, சுமார் மூன்று இஞ்சுக்கு ஒன்றாகப் பத்து வெட்டு. ஒவ்வொரு வெட்டையும் கால் இஞ்ச் விரித்து அடியில் வேறொரு தாளை வைத்து செலோடேப் போட்டு ஒட்டினால் பட்டை மெல்ல வில்லாக வளைகிறது. பத்து கால் இஞ்ச், இரண்டரை இஞ்ச். அந்த வில்லை இடுப்பில் சுற்றியதும் மேலும் கீழும் ஒரே நேரத்தில் உடம்பில் ஒட்டியதைப் பார்த்தபோது நான் சின்னதாக ஒரு கத்து கத்தியது பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும்.

கத்தியது கொஞ்சம் அவசரம். பழைய வேட்டித் துணியில் அதே வடிவில் வெட்டிச் சோதித்தபோது பக்கங்களில் சரியாக இருந்தது, முன்னால் நடுவில் மட்டும் கீழ்விளிம்பு பாவாடை மாதிரி அரை இஞ்ச் விலகி நின்றது. உடம்பு சுற்றிலும் ஒரே மாதிரி விரியாது என்பதை மறந்துவிட்டேன். எனக்கு வயிறு நேராக இறங்குகிறது, விரிவெல்லாம் பக்கத்திலும் பின்னாலும்தான். மறுபடி காலண்டர். இந்தத் தடவை முன்பக்கம் நடுவில் 8 இஞ்சை நேராகவே விட்டுவிட்டு, பத்து வெட்டையும் பக்கத்துக்கு ஐந்தாகப் பக்கவாட்டிலும் முதுகிலும் மட்டும் போட்டேன். உட்கார்ந்தது. தொப்பை உள்ளவர்களுக்கு நேரெதிராக முன்பக்கம்தான் விரிவு கேட்கும். வேட்டித் துணியில் ஒருமுறை பார்க்காமல் பட்டில் கத்தரி வைத்துவிடாதீர்கள்.

பட்டு என்றதும் அடுத்த சிக்கல். ஜாக்கெட் துணியில் மிச்சமிருந்த ஜரிகை பார்டரை அப்படியே பெல்ட்டாக்கிவிடலாம் என்றுதான் முதலிலிருந்தே ஆசை. அகலம்கூட 2½ இஞ்சுக்கு வாகாக இருந்தது. ஆனால் தறியில் நேராக நெய்த ஜரிகை வில்லாக வளையுமா? இஸ்திரி போட்டு வளைத்துப் பார்த்தேன், உள்விளிம்பில் சுருக்கம் சுருக்கமாக நின்றது. வளைத்து வெட்டினால் டிசைன் பாதியில் அறுபட்டு ஓரமெல்லாம் ஜரிகை பிரிகிறது. இரண்டு நாள் அதை மேஜையில் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் உறைத்தது, முன்பக்கம் 8 இஞ்ச் நேராகத்தானே இருக்கிறது! ஜரிகையை அங்கே மட்டும் வைத்தேன். பக்கமும் பின்னும் ஜரிகையில்லாத வெறும் ஜாக்கெட் துணி, முந்தானை மறைக்கிற இடம்தான். அண்ணன் மகளின் நடன ஒட்டியாணத்தை அப்புறம் எடுத்துப் பார்த்தால் அதிலும் முன்னால் அகலமான தகடு ஒன்று, பக்கங்களில் சின்னச் சின்னத் துண்டுகளைக் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறது. முன்னாலேயே பார்த்திருந்தால் இரண்டு நாள் மிச்சம்.

துணி போதாததால் மூன்று துண்டாக வெட்டினேன், முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. ஒட்டு இரண்டும் பக்கவாட்டில் வருகிறது, வெளியே தெரியாது. உள்ளே பக்ரத்துக்குப் பதில், இஸ்திரிச் சூட்டில் துணியோடு ஒட்டிக்கொள்கிற பேஸ்டிங் கேன்வாஸ் இரண்டு அடுக்கு. முதல் அடுக்கைத் தையலுக்கு விடுகிற அரை இஞ்சோடு சேர்த்து, இரண்டாவதைத் தையல் கோட்டுக்குள் அடங்கும்படி சரியான அளவில். இரண்டையும் தையலுக்கு விட்டு வெட்டினால் விளிம்பு தடித்துக் கயிறு மாதிரி துருத்தும். பட்டின்மேல் நேராக இஸ்திரிப் பெட்டியை வைக்காமல் மேலே காட்டன் துணி போட்டு அழுத்தி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. தேய்த்ததில் எனக்கு ஒரு இடத்தில் கேன்வாஸ் நகர்ந்து கொப்புளம் வந்துவிட்டது. அது முதுகுப் பக்கம் என்பதால் விட்டுவிட்டேன்.

அம்மாவின் பெல்ட்டில் பார்த்த செங்குத்துப் பட்டைக்கு நான் பிடித்த மாற்று, எலெக்ட்ரிக் கடையில் கிடைக்கிற, வயரைக் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையான கேபிள் டை. அகலமான ரகமாகக் கேட்டு வாங்கினேன். இரண்டேகால் இஞ்ச் நீளத்துக்கு நான்கு துண்டு, பெல்ட் அகலத்தைவிடக் கால் இஞ்ச் குறைவு. வெட்டிய முனை கத்தி மாதிரி இருக்கும், நகம் தேய்க்கிற அரத்தால் உருட்டிவிடாவிட்டால் இரண்டே நாளில் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப்பார்க்கும். பக்கத் தையலுக்கு ஒன்று வீதம் இரண்டு, முதுகில் கொக்கியை ஒட்டி இரண்டு. லைனிங் துணியில் சின்னக் குழாயாக ஒட்டுப்போட்டு அதற்குள் சொருகினேன்.

தைக்கும்போது மேல்விளிம்பு, கீழ்விளிம்பு இரண்டையும் உள்பக்கமாகத் தைத்து, பின்முனை வழியாகத் திருப்ப வேண்டும். திருப்புவதற்கு முன் உள்வளைவான மேல்விளிம்பில் தையலுக்கு விட்ட துணியை அங்கங்கே வெட்டிவிட்டேன், வெளிவளைவான கீழ்விளிம்பில் முக்கோணமாகக் கொத்தி எடுத்தேன். இதைச் செய்யாவிட்டால் வில் நிமிர்ந்துகொள்ளப் பார்க்கும். இத்தனை அடுக்கில் 14ஆம் நம்பர் ஊசி முதல் அரை அடியிலேயே முறிந்தது. 16 போட்ட பிறகு ஓடியது.

கொக்கியில் மட்டும் நான் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். கண்ணியை ஒரு வரிசையாக வைக்காமல் ஒரு இஞ்ச் இடைவெளியில் இரண்டு வரிசை வைத்தேன், பந்திக்கு முன் ஒன்று, பந்திக்குப் பின் ஒன்று. அகலமான பெல்ட்டை இறுக்கிப் போட்டுக்கொண்டு வயிறு நிறையச் சாப்பிட்டால் நெஞ்செரிச்சல் வருகிறது, தை மாதப் பாடம். பழைய பெல்ட்டிலிருந்து காப்பாற்றி வைத்த எலாஸ்டிக்கில் இரண்டு துண்டு எடுத்து, கொக்கிக்கு முன்னால் இருபக்கமும் ஒன்றரை இஞ்ச் வைத்ததில் மூச்சுவிடக் கொஞ்சம் இடமும் கிடைத்தது. கேன்வாஸ், கொக்கி, லைனிங், கேபிள் டை எல்லாம் சேர்த்து 190 ரூபாய். வீணாய்ப்போன பக்ரத்தை இதில் சேர்க்கவில்லை.

கலர் பற்றி நாங்கள் வீட்டில் ஒரு சாயந்திரம் முழுக்கச் சண்டை போட்டோம். தங்கச்சிக்குக் கறுப்போ மெரூனோ பளிச்சென்று வெட்டித் தெரிய வேண்டும். நான் போட்டோ எடுத்துக் காட்டினேன். மாறுபட்ட கலர் பட்டை உடம்பை அந்த இடத்தில் இரண்டாக அறுக்கிறது. மதினி மாதிரி நீளமான உடல்வாகுக்கு அந்த அறுப்பு அழகு. என்னை மாதிரி மேலுடம்பு குட்டையாக இருப்பவர்களுக்கு, பெல்ட் ஜாக்கெட்டோடு சேர்ந்த கலராக இருந்தால் மேலுடம்பு இரண்டரை இஞ்ச் கீழே நீண்டதாகக் கண் ஏமாறுகிறது. அதனால்தான் ஜாக்கெட் துணியிலேயே தைத்தேன். சேலைக் கலரில் போட்டால் கால் நீளமாகத் தெரியும், மேலே இன்னும் குட்டையாகிவிடுவேன்.

இதையே குர்த்தியின்மேல் போட்டுப் பார்த்தேன், ஆசை யாரை விட்டது. நேராக இறங்குகிற, பக்கத்தில் ஓபன் வைத்த குர்த்திக்கு அகல பெல்ட் சரிப்படவில்லை. துணி மேலே இழுபட்டு முன்பக்கம் ஒரு இஞ்ச் தூக்கிக்கொள்கிறது, ஓபன் இரண்டும் கொக்கின் சிறகு மாதிரி விரிகிறது. கீழே சுற்று உள்ள அனார்கலிக்கும் ஏ-லைனுக்கும் நன்றாக இருக்கிறது. ஆனால் அளவை அந்த உடுப்பின்மேல் தனியாக எடுக்க வேண்டும், சேலைக்குத் தைத்தது 2 இஞ்ச் தொளதொளத்தது.

ரிசப்ஷன் அன்று சேலையைக் கட்டி, முந்தானை மடிப்பை இடது தோளில் குத்தி, முன்னால் மடிப்பின்மேல் பெல்ட்டை வைத்து, பின்னால் தொங்குகிற முந்தானைக்கு அடியில் கொக்கியை மாட்டினேன். ஜரிகைத் துண்டு தொப்புளுக்கு நேராக நிற்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, இரண்டு பக்கத் தையலிலும் உள்பக்கமிருந்து சேலையோடு ஒரு ஊக்கு. ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை மேடை ஏறி இறங்கி, குழந்தைகளைத் தூக்கி, குனிந்து தாம்பூலப் பை எடுத்துக் கொடுத்தேன். நகரவில்லை. முதுகில் அந்தக் கொப்புளம் மட்டும் லேசாக உறுத்தியது.

பந்தியில் மதினி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், கருநீல பெல்ட்டோடு. பாயசம் வந்தபோது என் முந்தானைக்கு அடியில் கை விட்டு, கொக்கியை இரண்டாவது வரிசைக்கு மாற்றிவிட்டார்.

“எனக்கும் இதே மாதிரி ரெண்டு வரிசை வச்சுக் குடு. மூச்சு முட்டுது.”